பரீசும் இரசவாதக் கல்லும்: ஒரு மாயப் புதினத்தின் மராத்தி, தமிழ்ப் பெயர்ப்புகளில் சொல்லும் நம்பிக்கையும்

சிறுவர்க்கென எழுதப்பெறும் மாயப் புதினங்கள் பலவற்றுக்கும் அடிப்படையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. இயல்பான உலகில் வளரும் ஒரு குழந்தை, கதைகளில் மட்டுமே உள்ளதென்று தான் எண்ணியிருந்த மந்திரம் மெய்யாகவே இருப்பதை ஒரு நாள் கண்டறிகிறது. கதைக்குள் இருக்கும் குழந்தைக்கு அம்மெய்ம்மை கண்முன் நிகழும் நிகழ்ச்சிகளால் உறுதிப்படுகிறது. நூலைப் படிக்கும் குழந்தைக்கோ சொற்களைத் தவிர வேறு சான்று இல்லை. ஆகவே இத்தகைய புதினம் வேறொரு மொழிக்குப் பெயர்க்கப்படும்போது தனித்ததொரு சிக்கல் எழுகிறது. பெறும் மொழியில் மந்திரத்தைக் குறிக்கும் சொற்கள் முன்னரே உள்ளன. அவற்றுள் சில வழிபாட்டுக்கு உரியவை. சில அச்சத்துக்கு உரியவை. வேறு சில தெருவில் வித்தை காட்டுவோருக்கு உரியவை. எதை நம்பலாம், எதற்கு அஞ்சலாம், எதைக் கண்டு சிரிக்கலாம் என்பதை அம்மொழி பேசும் சமுதாயம் அச்சொற்களிலேயே பகுத்து வைத்திருக்கிறது. பெயர்ப்பாளர் தேர்ந்துகொள்ளும் சொல், நூலின் மந்திரம் இப்பகுப்பில் எவ்விடத்தில் அமையும் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

இதனை ஆராய்வதற்கு ஜே. கே. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் புதினம் ஏற்ற சான்றாக அமைகிறது. 1997 ஜூன் 26 அன்று இலண்டனில் வெளியான இந்நூல், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் ஒரு சிறுவன், தனது பதினோராவது பிறந்தநாளில் தான் மந்திர ஆற்றல் உடையவன் என அறிவதைக் கூறுகிறது. போபால் நகரைச் சார்ந்த மஞ்சுள் பதிப்பகம் இதனை இந்திய மொழிகளில் வெளியிட்டது. சுதீர் தீட்சித்தின் இந்திப் பெயர்ப்பு 2002இல் வந்தது. மராத்தியில் பாள் ஊர்த்வரேஷேயும், தமிழில் பி. எஸ். வி. குமாரசாமியும் பெயர்த்தனர். தமிழ்ப் பதிப்பு வெளியான ஆண்டு 2012.

புனேயில் ஒரு குழந்தை இந்நூலை எடுக்கும்போது

மராத்திச் சிறுவர் இலக்கியத்தின் தலைநகர் புனே என்று கூறினால் அது மிகையாகாது. மகாராஷ்டிர மாநிலப் பாடநூல்களை உருவாக்கும் 'பாலபாரதி' நிறுவனம் 1967இல் அந்நகரில் அமைக்கப்பட்டது. அந்நிறுவனமே 1971 முதல் 'கிஷோர்' என்னும் சிறுவர் திங்களிதழை வெளியிட்டு வருகிறது. பா. ரா. பாகவத் (1910–2001) படைத்த 'ஃபாஸ்டர் ஃபேணே' என்னும் சிறுவன், புனேயை அடுத்த ஃபுர்சுங்கி என்னும் ஊரைச் சேர்ந்தவன். மிதிவண்டியில் விரைந்து சென்று குற்றவாளிகளைப் பிடிப்பவன். அக்கதைகளில் மந்திரத்திற்கு இடமில்லை. அறிவும் துணிவுமே அவனுக்குக் கருவிகள். ஜூல் வெர்னின் அறிவியல் புனைவுகளை மராத்திக்குக் கொண்டு வந்தவரும் பாகவத்தே என்பது இங்கு எண்ணத்தக்கது.

அந்நகருக்கு வேறொரு வரலாறும் உண்டு. மூடநம்பிக்கை ஒழிப்புக்காக 1989இல் 'மகாராஷ்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதி'யை நிறுவிய நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்டு 20 அன்று புனேயில் காலை நடையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்த சட்டம் சில நாட்களிலேயே அவசரச் சட்டமாகவும், அதே ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமாகவும் வந்தது. நீண்ட பெயருடைய அச்சட்டத்தை மக்கள் 'ஜாதூடோணா விரோதி காயதா' என்றே வழங்குகின்றனர். பிறரைச் சூனியம் வைப்பவர் என்று பழி சுமத்துவதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். அச்சமிதியின் தொண்டர்கள், அற்புதம் என்று காட்டப்படுவனவற்றின் பின்னுள்ள தந்திரத்தை மாணவர் முன் விளக்கிக் காட்டுவதை ஓர் இயக்கமாகவே நடத்தி வந்துள்ளனர். மந்திரமென்று தோன்றுவது கைத்திறனே என்று அங்குக் குழந்தை கற்கிறது. புதினமோ இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது. தந்திரமென்று தோன்றுவது மந்திரமே என்று கூறுகிறது.

ஆங்கிலத்தில் படிக்கும்போது இம்முரண் பெரிதாகத் தெரிவதில்லை. அயல்மொழியில் நிகழும் மந்திரம் அயல்நாட்டில் நிகழும் மந்திரமாகவே நின்றுவிடுகிறது. தாய்மொழிக்கு வரும்போதுதான் அது வீட்டுச் சொற்களை அணிகிறது. மூடநம்பிக்கைக்கு எதிராக ஒருவர் உயிரிழந்த நகரில், 'மந்திரம் மெய்' என்னும் கதையை எச்சொற்களால் கூறுவது என்பது வெறும் நடைச்சிக்கல் ஆகாது.

கல்லின் பெயர்

நூலின் தலைப்பிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஆங்கில மூலத்தில் இடம்பெறும் 'ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்' என்பது மேலைநாட்டு இரசவாத மரபில் வரும் ஒரு கற்பனைப் பொருள். அதற்கு இரண்டு ஆற்றல்கள் கூறப்படும். ஒன்று, தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்குதல். மற்றொன்று, சாவை விலக்கும் அமுதத்தைத் தருதல். புதினத்தின் கதைப்பின்னல் இரண்டாவதன் மேல்தான் நிற்கிறது. உடலிழந்து நலிந்து கிடக்கும் பகைவன் தேடுவது பொன்னையன்று, அமுதத்தையே. 'ஃபிலாசஃபர்' என்னும் சொல் மந்திரத்தை உணர்த்தாது என்று கருதிய அமெரிக்கப் பதிப்பாளர், 1998இல் அதனைச் 'சார்சரர்' என மாற்றிவிட்டார் என்பதும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே இத்தலைப்பைப் பெயர்க்க வேண்டியிருந்தது.

மராத்திப் பெயர்ப்பின் தலைப்பு, தமிழ் எழுத்தில் தருவதாயின், 'ஹாரி பாட்டர் ஆணி பரீஸ்' என்பதாகும். இந்தியில் 'பாரஸ் பத்தர்'. இவ்விரண்டும் தொடுதலைக் குறிக்கும் 'ஸ்பர்ச' என்னும் வடசொல்லினின்றும் தோன்றியவை. தொட்ட இரும்பைப் பொன்னாக்கும் கல் என்பது பொருள். தமிழ் வாசகருக்குப் 'பரீஸ்' என்பது 'பரிசு' என்று ஒலிக்கக்கூடும், இரண்டிற்கும் தொடர்பில்லை. ஆனால் தமிழில் அதற்கு உறவுடைய சொல் உண்டு. தொட்ட மாத்திரத்தில் பொன்னாக மாற்றும் பொருளைப் 'பரிசனவேதி' என்று திருமந்திரம் குறிப்பிடுகிறது. குருவின் அருள் சீடனை மாற்றுவதற்கு உவமையாகச் சைவ நூலார் இதனைக் கையாண்டனர். 'வேதித்தல்' என்பது ஒரு பொருளை வேறொன்றாக மாற்றுதல். இச்சொல் இன்று நூல்வழக்கில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பத்து அகவைக் குழந்தையின் கைக்குச் செல்லும் நூலின் அட்டையில் அதனை அச்சிட இயலாது.

மராத்தியிலோ 'பரீஸ்' உயிரோடு உலவும் சொல். புனேயின் அருகிலுள்ள ஆளந்தியில் ஞானேசுவரரின் சமாதியும், தேஹுவில் துக்காராம் வாழ்ந்த இடமும் உள்ளன. வார்கரி மரபினர் பாடும் அபங்கங்களில் பரீசும் இரும்பும் திரும்பத் திரும்ப வரும் உவமைகள். இவற்றினும் கருதத்தக்கது நாமதேவரைப் பற்றி வழங்கும் கதை. பண்டரிபுரத்தில் பரிசா பாகவத் என்பாரிடம் ஒரு பரீஸ் இருந்தது. அவர் மனைவி, வறுமையில் வாடிய நாமதேவரின் மனைவி ராஜாயியிடம் அதனை இரவலாகத் தந்தாள். செய்தியறிந்த நாமதேவர் அக்கல்லை வாங்கிச் சந்திரபாகை ஆற்றில் எறிந்துவிட்டார். உரியவர் வந்து கேட்டபோது ஆற்றிலிருந்து ஒரு கை கூழாங்கற்களை அள்ளிக் கொடுத்தார்; அவை யாவும் பரீசாக இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் மகீபதி எழுதிய 'பக்தவிஜயம்' இக்கதையை விரித்துரைக்கிறது.

இக்கதையை அறிந்த மராத்திக் குழந்தை, 'பரீஸ்' என்னும் சொல்லைத் தலைப்பில் காணும்போதே, அது எறியப்பட வேண்டிய பொருள் என்னும் குறிப்பையும் உடன் பெறுகிறது. ரௌலிங்கின் கதை முடிவிலும் கல் அழிக்கப்படுகிறது. அதன் உரிமையாளராகிய நிக்கோலா ஃப்ளமேல், தம் நெடிய வாழ்வு முடிந்துவிடும் என்பதை அறிந்தே அதற்கு இசைகிறார். ஆங்கிலத் தலைப்பில் இல்லாத இம்முன்குறிப்பு மராத்தித் தலைப்பில் உள்ளது. பெயர்ப்பாளர் இதனை எண்ணியே தேர்ந்தாரா என்பது வேறு வினா. சொல் அதனைச் செய்கிறது. அதுவே மொழியியலாருக்குப் போதுமானது.

எனினும் இதற்கொரு விலையும் உண்டு. பரீஸ் பொன்னைத் தரும், அமுதத்தைத் தராது. மரபில் அதற்குச் சாவை வெல்லும் ஆற்றல் கூறப்படவில்லை. ஆகவே பகைவன் ஏன் அதனை நாடுகிறான் என்பதைக் கதை தனியே விளக்கும் வரை, தலைப்பு வாசகரைச் சிறிது திசைதிருப்பியே வைத்திருக்கிறது.

தமிழ்த் தலைப்பு 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்பது. 'இரசம்' இங்குப் பாதரசம். இந்திய இரசவாத நூல்கள், உலோகத்தில் நிகழும் மாற்றம் போன்றே உடலிலும் மாற்றம் நிகழும் என்னும் கொள்கையுடையவை. பதினான்காம் நூற்றாண்டின் 'சர்வதரிசன சங்கிரகம்' இக்கொள்கையினரை இரசேசுவரர் எனத் தனிச் சமயத்தினராகவே எண்ணுகிறது. தமிழ்ச் சித்தர் மரபிலும் பொன்னாக்கும் வேதையும் உடலை நிலைபெறச் செய்யும் காயகற்பமும் ஒரே கலையின் இரு முகங்களாகவே பேசப்படுகின்றன. எனவே பொருளளவில் நோக்கின், இரண்டு ஆற்றல்களையும் ஒருங்கே உணர்த்தும் தமிழ்ச் சொல்லே மூலத்துக்கு நெருங்கியது. மலையாளப் பெயர்ப்பின் 'ரசாயனக்கல்' என்பதும் இதே வழியில் அமைந்தது. 'கல்' மட்டும் புதிது. சித்தர் வழக்கில் இரசத்தைக் கட்டிச் செய்வது மணி அல்லது குளிகை எனப்படும். கல் என்னும் வழக்கு அரிது. மூலத்திலுள்ள 'ஸ்டோன்' என்பதற்காகத் தமிழ் தன் மரபைச் சற்றே விட்டுக்கொடுத்திருக்கிறது. 'இரசமணி' என்று தலைப்பிட்டிருந்தால் அச்சொல் மருந்துக்கடையை நினைவூட்டியிருக்கும்.

தமிழ்ச் சொல்லுக்கும் கதைப் பின்புலம் இல்லாமல் இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இரசவாதம் செய்த படலம் ஒன்று உள்ளது. திருப்பூவணத்தில் இறைவனுக்குப் பொன்னால் திருவுருவம் அமைக்க விரும்பிப் பொருளின்றி வருந்திய பொன்னனையாளின் வீட்டுக்குச் சித்தர் வடிவில் வந்த இறைவன், அவளுடைய பாத்திரங்களைப் பொன்னாக்கினான் என்பது அப்படலத்தின் செய்தி. தாயுமானவரோ உலோகங்களை வேதித்து விற்று வாழ்வதையும் எளிய சித்துகளுள் ஒன்றாக வைத்து, சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதே அரிது என்றார். ஆயினும் இன்றைய தமிழ்க் குழந்தைக்கு 'இரசவாதம்' பாட்டி சொன்ன கதையில் கேட்ட சொல் அன்று. அறிவியற் பாடத்தின் 'இரசாயனம்' என்பதோடு அது ஒலியால் உறவு கொள்கிறது. மராத்தித் தலைப்பு பொருளில் குறைந்து நினைவில் மிகுகிறது. தமிழ்த் தலைப்பு நினைவில் குறைந்து பொருளில் நிறைகிறது.

மந்திரவாதியும் சூனியக்காரியும்

தலைப்பினும் கடினமானது ஆட்பெயர். ஆங்கிலத்தில் 'மேஜிக்' என்னும் ஒரே சொல், மேடையில் முயலைத் தொப்பியிலிருந்து எடுப்பதையும் மெய்யான மந்திரத்தையும் குறிக்கும். மராத்தியில் 'ஜாதூ' அவ்வாறே இரண்டையும் தழுவுகிறது. பாரசீகத்தினின்றும் வந்த இச்சொல், வேதமொழியில் சூனியத்தைக் குறித்த 'யாது' என்பதோடு உறவுடையது. 'யாதுதானர்' என்னும் அரக்கர் பெயரில் அதனைக் காணலாம். ஆனால் மராத்தி வழக்கில் அப்பழைய அச்சம் தேய்ந்துவிட்டது. புனேயின் புகழ்பெற்ற மேடைக் கலைஞர் ரகுவீர் 'ஜாதூகார்' என்றே அழைக்கப்பட்டார். அவரது நிகழ்ச்சிகளுக்குக் குழந்தைகள் மகிழ்ச்சியோடு சென்றனர். அச்சம் 'டோணா' என்னும் பின்னொட்டுச் சொல்லிலும், 'கரணி', 'சேட்டூக்' ஆகிய சொற்களிலும் சென்று தங்கியது. சட்டம் தண்டிப்பது 'ஜாதூடோணா'வை. 'ஜாதூ' தனித்து நிற்கும்போது குற்றமற்றது. ஆகவே மந்திரப் பள்ளியொன்றைப் பற்றி மராத்தியில் எழுதுவோர்க்கு அச்சமற்ற ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது.

தமிழில் இவ்வாறு நடுநிலையான ஒரு சொல் இல்லை. வேடிக்கைக்குச் செப்பிடுவித்தை, கண்கட்டு வித்தை, ஜாலவித்தை எனப் பல சொற்கள் உண்டு. கண்கட்டு என்பது மராத்தியின் 'நஜர்பந்தி'க்கு நேர் இணை. இரு மொழிகளும் பார்வையைக் கட்டுவதாகவே இவ்வித்தையைக் கருதியுள்ளன. இவையாவும் 'பொய்' என்னும் பொருளை உட்கொண்டவை. மெய்யான மந்திரத்துக்கு ஆகா. 'மந்திரம்' கோயிலுக்கும் திருமணப் பந்தலுக்கும் உரியது. 'மாந்திரீகம்', 'பில்லி', 'சூனியம்' ஆகியன தீமைக்குரியவை. 'மந்திரவாதி' என்பவரோ தமிழ்ச் சிறுவர் கதைகளில் ஏழு கடல்களுக்கு அப்பால், கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்து, இளவரசியைச் சிறையிட்டிருப்பவர். அம்புலிமாமா தலைமுறையினர்க்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

'நீ ஒரு மந்திரவாதி' என்று ஒரு சிறுவனிடம் கூறுவதை இப்பின்னணியில் கருத வேண்டும். ஆங்கிலத்தில் இக்கூற்று வியப்பைத் தருகிறது. தமிழில் அது முதலில் தருவது திடுக்கிடல். கதைகளின் தீயவன் நீயே என்று கூறியதற்கு அது நிகர். வியப்பு அதற்குப் பின்னரே வருகிறது. இதனைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. தன்னை அறியாத் தனிச்சிறுவன் ஒருவனுக்கு இச்செய்தி அச்சத்தோடு கலந்து வருவது கதைக்குப் பொருந்தவே செய்கிறது.

பெண்பாலில்தான் இடர்ப்பாடு முழுமையடைகிறது. 'சூனியக்காரி' என்னும் சொல் கதையோடு நிற்பதில்லை. மகாராஷ்டிரத்தின் பழங்குடிப் பகுதிகளில் 'டாகீண்' என்று பழிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட பெண்களின் நிலை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான கோரிக்கையின் பின்னே இருந்தது. அறிவுக்கூர்மையால் பள்ளியில் முதலிடம் பெறும் ஒரு சிறுமியை இத்தகைய சொல்லால் அழைப்பது, பெயர்ப்பின் நோக்கத்தையே சிதைத்துவிடும். ஆண்பாற் சொல்லோடு பெண்பால் விகுதியைச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்குவது, பழைய சொல்லைச் சுமையோடு ஏற்பதினும் நன்று. மராத்தியில் 'ஜாதூகாரீண்' என்பது இதனை எளிதாகச் செய்கிறது. தமிழில் 'மந்திரக்காரி' என்பதும் வசையின் நிழலை விட்டு முற்றிலும் விலகவில்லை. காரன், காரி விகுதிகளின் ஏற்றத்தாழ்வு தனியே ஆராயத்தக்கது.

எள்ளும் சீசேமும்

மந்திரச் சொற்றொடர்களைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். ரௌலிங்கின் மந்திரங்கள் இலத்தீன் சாயலுடையவை. ஆங்கில வாசகருக்கு அவை பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நிற்பதில்தான் அவற்றின் சுவை உள்ளது. இதற்கு முன்னோடியாக நம் மொழிகளில் அலிபாபா கதையின் கதவு திறக்கும் மந்திரத்தைக் காட்டலாம். அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் சொல்லக் கேட்டுப் பிரெஞ்சு அறிஞர் கலான் எழுதிய அக்கதையில், திறவுகோலாக அமையும் சொல் எள்ளைக் குறிப்பது. மராத்தியர் அதனைப் பெயர்த்துக்கொண்டனர்: 'திளா, திளா, தார் உகட்', அதாவது 'எள்ளே, எள்ளே, கதவைத் திற'. தமிழர் பெயர்க்கவில்லை. 1956ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வாயிலாகச் 'சீசேம்' என்னும் ஒலியையே ஏற்றனர். அது எள் என்பதைப் பெரும்பாலோர் அறியார்.

விளைவு கதைக்குள்ளேயே தெரிகிறது. குகைக்குள் சிக்கிய காசிம் எள்ளை மறந்து வேறு தானியங்களின் பெயர்களைக் கூவுகிறான் என்பது மூலக்கதை. மராத்திக் குழந்தைக்கு இது நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தரும். தமிழ்க் குழந்தைக்கு அவன் வெறுமனே ஒரு சொல்லை மறந்தவன். மறுபுறம், எள்ளைக் கூப்பிட்டால் பாறை நகரும் என்று நம்புவதைவிடச் 'சீசேம்' என்றால் நகரும் என்று நம்புவது தமிழ்க் குழந்தைக்கு எளிது. பொருள் விளங்காமையே ஆற்றலாகிறது. ரௌலிங்கின் இலத்தீன் மந்திரங்களை ஒலிபெயர்த்தால் முழுதும் விளங்காமற்போகும். தூய தமிழில் ஆக்கினால் முழுதும் விளங்கிவிடும். பாதி விளங்கும் நிலைக்கு நம் மொழிகளில் கிடைக்கும் வழி, வடமொழிச் சாயலே. ஆனால் அது வழிபாட்டின் ஒலியை உடன் கொண்டு வரும். இம்மூன்றனுள் ஒலிபெயர்ப்பே இடரற்றது என்று தோன்றுகிறது.

'ஆம்' என்னும் இடைச்சொல்

இதுவரை கண்டவை சொற்றொகுதியைச் சார்ந்தவை. மந்திரம் மெய்யா என்னும் வினாவுக்கு விடை இலக்கணத்திலும் உண்டு, அதுவே ஆழமானது.

தமிழில் வாய்மொழிக் கதை 'ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்' என்றே தொடங்கும். வினைமுற்றின் இறுதியில் வரும் 'ஆம்', கூறப்படுவது பிறர் வாய்க் கேட்டது என்பதை உணர்த்தும். சொல்பவர் அதன் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. பூதம் வந்ததாம், மலை பறந்ததாம், கிளி பேசியதாம். ஒவ்வொரு வினையிலும் இவ்விலக்கம் தொடர்வதால், பாட்டியின் மந்திரம் எவரையும் மூடநம்பிக்கையில் ஆழ்த்துவதில்லை. மராத்தியில் 'ம்ஹணே' என்னும் சொல் இப்பணியைச் செய்யும். அன்றியும் அங்கு மரபுக் கதைகள் 'ஆட்பாட் நகர்' என்னும் ஊரில் தொடங்கும். எந்நிலப்படத்திலும் காணப்படாத ஊர் அது. தமிழ் வினையில் இடும் குறியை மராத்தி இடப்பெயரிலும் இடுகிறது.

புதினம் இக்குறிகள் இரண்டையும் நீக்கிவிடுகிறது. அதன் உரைநடையில் 'இருந்தான்', 'வந்தது', 'பறந்தது' என்னும் தெரிநிலை வினைமுற்றுகளே உண்டு. இடமோ இலண்டன், இரயில் நிலையத்தின் பெயர்கூட மெய்யானது. கிங்ஸ் கிராஸ் நிலையத்தை எவரும் சென்று காணலாம். மந்திரம் மெய்யென்று ஹாரி கண்டறிவதற்கு முன்னரே, இலக்கணம் அதனை மெய்யென்று உரைத்துவிட்டது. சிறுவர்க்கான மாயப் புதினம் மரபுக் கதையினின்றும் வேறுபடும் இடம் இதுவே. பூதமும் மந்திரக்கோலும் இரண்டிலும் உள்ளன.

தாய்மொழியில் மாயப் புதினம் படிக்கும் குழந்தை சூனியத்தை நம்பத் தொடங்கிவிடுமோ என்னும் ஐயம் புனேயில் எழுவது இயல்பே, தமிழகத்திலும் எழக்கூடும். சூனியத்தைப் பற்றிய அச்சம் புதினத்தின் நடையில் பரவுவதில்லை என்பதை ஐயுறுவோர் கருத வேண்டும். 'அவள் வைத்துவிட்டாளாம்' என்று அண்டை வீட்டில் பரவும் பேச்சிலும் அதே 'ஆம்' உண்டு. கதையில் பொறுப்பின்மை விளையாட்டாக நின்றது. ஊர்ப்பேச்சில் அதே பொறுப்பின்மை ஒரு பெண்ணின் மேல் பழியாக விழுகிறது. புதினத்தின் எழுத்தாளரோ தாம் கூறுவது அனைத்துக்கும் அட்டையில் பெயரிட்டுப் பொறுப்பேற்றவர்.

தமிழ்ப் பதிப்பைப் படித்து முடித்த அண்ணன் தம்பிக்கு அக்கதையைச் சொல்லும்போது நூலின் வினைமுற்றுகளை அப்படியே சொல்வதில்லை. 'ஹாரின்னு ஒரு பையன் இருந்தானாம், மாடிப்படிக்கு அடியிலே இருக்கிற அறையிலே அவனைப் படுக்க வைப்பாங்களாம்' என்றுதான் தொடங்குவான்.